பெங்களூர்ச் செடியும் எனக்கு வர வேண்டிய வெற்றிலையும்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் சீனிராஜ், என் தங்கை குருவம்மாளின் புருஷன். அவனுக்குப் பின்னால் கெடுதல் செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு, லாரி புரோக்கர்கள் உண்டு, கூட ஓடிய டிரைவர்கள் உண்டு, பெற்ற மகனும் உண்டு. ஆனால் வரிசையில் முதல் ஆளாக நிற்பவன் சீனிராஜ்தான் என்பதால், செடியைப் பற்றியும் அதைத் தேடி வந்த மஞ்சைப் பற்றியும் சொல்லுவதற்கு முன்னால் அவனைச் சொல்லிவிடுகிறேன்.

அவன் மகள் அனுசுயாவுக்குக் காது குத்திய அன்றைக்கு நடந்தது அது. அப்போது நான் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரியில் டிரைவர். எங்கள் சாத்தூர்ப் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார்த்துவார்கள், ராசாவே வந்து நின்றாலும் அந்த மடிக்கு மாற்று மடி கிடையாது. நான் நாக்பூரிலிருந்து தூங்காமல் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, குளித்து, கம்மலும் பட்டுப்பாவாடையும் பழமும் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலில் போய் நின்றால், என் மருமகள், தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையின் முதலாளி ஒருவரின் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். சீனிராஜுக்கு அந்த ஆபீஸில் ஏஜெண்டு வேலை ஆக வேண்டியிருந்தது. தட்டோடு நின்ற என்னைப் பார்த்து அவன், "மச்சான், நீங்க பந்தியைக் கவனிங்க, சாம்பார் வாளி அந்தா இருக்கு" என்றான். நான் தட்டைக் கோயில் படியில் வைத்துவிட்டுக் கை நனைக்காமல் திரும்பி வந்தேன்.

இப்படிப்பட்ட தப்புக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே ஒரு பரிகாரம் உண்டு. தப்புச் செய்தவன் வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு நம் வாசலுக்கு வந்து, நம் கையில் கொடுத்து, வாயால் "வாங்க" என்று அழைக்க வேண்டும். அழைக்கப்படுகிறவன் தன் வாசலுக்கு உள்ளே நிற்க வேண்டும், முதலில் பேசக் கூடாது. முதலில் பேசினால் அவனே தன்னை அழைத்துக்கொண்டதாக ஆகிவிடும். இது நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை. எனக்கு அந்த வெற்றிலை வரவில்லை, அனுசுயாவின் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை, பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது.

இதற்கு நடுவில் எங்கள் இருவருக்கும் வயதாகி, வெயிலுகந்தாள் கோயிலுக்குப் பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று குச்சி காயப்போட்ட பழைய களத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டினார்கள். என் மகன் என்னைக் கேட்காமல் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டைப் பிடித்து என்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். சீனிராஜ் மூன்றாவது மாடியில் ஏற்கெனவே இருந்தான். படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் நாங்கள் பார்த்துக்கொள்வதில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவன் இடது பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சொல்வான், நான் வலது பக்கத்துச் சுவருக்குப் பதில் சொல்வேன். குடியிருப்பில் யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை, அங்கே பாதிப் பேர் ஏதாவது ஒரு சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அனுசுயா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். அப்பன் வீட்டு ஷோகேசுக்கு அழகாக இருக்கட்டும் என்று அங்கிருந்து ஒரு செடியை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினாள். அதற்கு ஆர்க்கிட் என்று பெயர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, குடியிருப்பில் எல்லாரும் அதைப் பெங்களூர்ச் செடி என்றார்கள். நாக்கைப் போலத் தடித்த இலைகள், ஒரு தண்டு நிறைய ஊதாப் பூ. வந்த புதிதில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சீனிராஜ் காப்பி கொடுத்தான். பூ உதிர்ந்ததும் தொட்டியைக் கிளறிப் பார்த்தவன், உள்ளே மண்ணே இல்லாமல் மரப்பட்டைத் துண்டுகளாகக் கிடப்பதைக் கண்டு, பெங்களூர்க்காரன் பிள்ளையை ஏமாற்றிவிட்டான் என்று சத்தம் போட்டு, பட்டையை எல்லாம் கொட்டிவிட்டு, நம் ஊர்க் கரிசல் மண்ணை வண்டிப்பேட்டைக்குப் பின்னாலிருந்து அள்ளிவந்து அமுக்கி நிரப்பி, துளசிக்கு ஊற்றுவதுபோல் தினமும் செம்பு செம்பாக ஊற்றினான். கரிசல் மண் தண்ணீரைப் பிடித்தால் விடாது, காய்ந்தால் பாறை. செடி முதலில் மஞ்சளானது, பிறகு கொழகொழவென்று ஆனது. ஷோகேசிலிருந்து பிரிட்ஜ் மேலே போனது, பிரிட்ஜ் மேலிருந்து செருப்பு ஸ்டாண்டுக்குப் போனது, கடைசியில் பழைய பேப்பர்காரன் எடுத்துப் போகட்டும் என்று படிக்கட்டுத் திருப்பத்தில் ஒற்றை இலையோடு கிடந்தது.

சீனிராஜ் வீட்டிலிருந்து நான் ஒரு குண்டூசிகூட வாங்க மாட்டேன். ஆனால் வெளியே எறிந்தது கொடுத்தது ஆகாது. ஒரு காலைப்பொழுதில் நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தச் செடியின்மேல் எனக்கு ஆசை என்று சொல்ல முடியாது. வந்தவளை வாசலில் நிறுத்தி வைத்தமாதிரி அது கிடந்தது, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். குடகு மலைப் பாதையில் லாரி ஓட்டும்போது இந்த மாதிரி இலைகள் மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு மண்ணில்லாமல் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகத்தில் கரிசல் மண்ணைக் கரைத்து ஊற்றினேன், அழுகிய வேரைக் கத்தரித்தேன், வெட்டிய இடத்தில் அடுப்புக்கரியைப் பொடித்துத் தடவினேன். தீக்குச்சி சீவுவதற்கு மலையாளத்திலிருந்து வரும் மரத்தில் ஒரு கட்டையை நான் முக்காலியாக வைத்திருந்தேன், அதன்மேல் தேங்காய் நாரை விரித்து, செடியைப் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டி, குளியலறை ஜன்னலில் தொங்கவிட்டேன். நான் குளிக்கும்போது தெறிக்கும் தண்ணீர்தான் அதற்குத் தண்ணீர். வெகுநாள் அது செத்ததுபோலவும் இருந்தது, உயிரோடிருப்பதுபோலவும் இருந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதால் எங்களுக்குள் தொந்தரவு எதுவும் இல்லை.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் ஒருநாள் அடியில் புதிதாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது, வெள்ளி நிறம், நுனி மட்டும் பச்சை. அன்றைக்கே, மாடிப்படி ஜன்னல் வழியாக, கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு மஞ்சு உள்ளே வந்தது. மலையில் மரத்துக்கு மரம் வெள்ளையாகத் தாவித் திரியுமே பனிமூட்டம், அந்த மஞ்சு. ஈரப் பட்டை வாசனையும் காப்பிப் பூ வாசனையும் அடிக்க, ஒவ்வொரு வாசலாக முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்து, என் வீட்டுக்குள் நுழைந்து, குளியலறைக்குப் போய்ச் செடியைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. நான் வாளியை நகர்த்தி அதற்கு இடம் விட்டேன்.

எதிர்வீட்டுக் கனகவேல், கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று, குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளராகி, அதற்கப்புறம் எங்களில் யாருக்கும் ஓய்வு கொடுக்காதவர், வாசலில் வந்து நின்றார்.

"என்னய்யா தவசிலிங்கம், உள்ள என்ன எரியுது? புகையா வருது."

"புகை இல்ல, மஞ்சு."

"யாரு மஞ்சு? எந்த ஊரு? வாடகைக்கு ஆள் வச்சா சங்கத்துல சொல்லணும்ல?"

நான் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினேன். அவர் கையை உள்ளே நீட்டிப் பார்த்தார், எடுத்தார், விரலை வேட்டியில் துடைத்தார். "சுவிட்சுபோர்டு பக்கம் விடாதேயும், ஷாக் அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழையை எதிரியாகப் பார்க்கிற ஊர் இது. குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், ஒட்டின பெட்டி காய வேண்டும். வானம் கறுத்தால் மற்ற ஊரில் மயில் ஆடும், எங்கள் ஊரில் பெண்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதனால் முதலில் எல்லாரும் திட்டினார்கள். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீரானது, அப்பளம் தோலானது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டை காயாமல் ஈரத்தோடு போனது. இரண்டாவது மாடியில் வீட்டில் வைத்துத் தீப்பெட்டி ஒட்டும் ஜெசிந்தா, பசை பிடிக்காமல் எல்லாப் பெட்டியும் வாயைப் பிளக்கிறது என்று என் வாசலில் வந்து கொட்டிக் காட்டினாள். எல்லாவற்றையும்விட மானக்கேடாக, ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புகிற ஊரில் எங்கள் குடியிருப்பில் மட்டும் தீக்குச்சி பற்றவில்லை. ஒரு வீட்டுக்காரி பக்கத்துத் தெருவில் போய் லைட்டர் வாங்கினாள் என்ற செய்தியை எல்லாரும் மறைத்தார்கள்.

சங்கம் கூடியது. வெயிலுகந்தாள் வெயிலை விரும்புகிற சாமி, அவள் பின்வாசலில் மஞ்சு படுத்திருப்பது அடுக்குமா என்று ஒருவர் கேட்டார். கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். சிவப்பு வந்தால் விரட்டுவது, வெள்ளை வந்தால் இருக்கட்டும் என்று பேச்சு, வெள்ளை வந்தது. சாமியே சரி என்று சொன்ன பிறகு மனிதர்களுக்கு வேலை சுலபமானது. தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் வைக்கப் பழகினார்கள், ஜெசிந்தா பசையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள், பள்ளி வேன் வரும் நேரத்தில் மஞ்சு படிக்கட்டில் உலவக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள், மஞ்சும் ஏறக்குறைய அதற்குக் கட்டுப்பட்டது. சித்திரை பிறந்து நகராட்சிக் குழாய் காற்றை மட்டும் விட ஆரம்பித்தபோது, என் வீட்டுச் சுவரில் வழிந்த தண்ணீருக்கு அடியில் குடம் வைத்தார்கள், அந்தத் தண்ணீரில் சோறு பொங்கினால் ஏலக்காய் வாசனை அடிக்கிறது என்றார்கள். வேர்க்குரு வந்த கைப்பிள்ளைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து மஞ்சுக்குள் கொஞ்சநேரம் பிடித்துவிட்டுப் போனார்கள். தூர ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள், "இவ்வளவுதானா?" என்றார்கள். எங்கள் ஆட்களும், "இவ்வளவுதான், காப்பி சாப்பிடுறீகளா?" என்றார்கள்.

ஒரே ஒரு சங்கடம் மட்டும் கடைசிவரை தீரவில்லை. மஞ்சுக்குள் நின்று பேசினால் எல்லாக் குரலும் ஒன்றுபோல, கம்பளிக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். ஆணா பெண்ணா என்பது மட்டும்தான் பிடிபடும். கனகவேலின் மனைவி தெய்வானை ஒருநாள் தன் புருஷன் என்று நினைத்து, "காலங்காத்தால எங்க ஊரளக்கப் போயிட்டு வாரீரு, பல்லு வெளக்கியாச்சா?" என்று கேட்க, "வெளக்கிட்டேன்க்கா, சிலிண்டரை எங்க இறக்க?" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் பேசுவதற்கு முன்னால் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்வது வழக்கமானது. மூன்றாவது மாடியில் மட்டும் அந்த வழக்கம் ஏறவில்லை.

செடி இரண்டாவது இலை விட்டது, மூன்றாவது விட்டது, ஆள்காட்டி விரல்போல ஒரு தண்டு நீட்டியது. செடி வளர வளர மஞ்சும் வளர்ந்தது. கன்றாக வந்தது பசுவாகி, பசு மந்தையாகி, கீழ்த்தளம் முழுக்க நிறைந்து நின்றது. சீனிராஜ் டார்ச் லைட் அடித்துக்கொண்டு இறங்குவான். ஒருநாள் இடது சுவரிடம் அவன் சொன்னான்:

"குப்பைல போட்டதைப் பொறுக்கி வச்சுக்கிட்டு வீட்டுக்கு வீடு சளி பிடிக்க வைக்காக சில பேரு."

நான் வலது சுவரிடம் சொன்னேன்: "குப்பைல போட்டவுக அதைப் பத்திப் பேச வேண்டாம். கரிசல்ல ஆர்க்கிட்டு வெள்ளாமை பண்ணுன சம்சாரிக்கு வாய் வேற."

"பிள்ளை எனக்கு அனுப்புனது அது."

"மடி எனக்குன்னு இருந்தது."

அதோடு சுவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன.

என் தங்கை குருவம்மாள், உளுந்தவடை கொடுக்கிற சாக்கில் தினமும் இறங்கி வருவாள். வந்தால் செடியைப் பார்ப்பாள், புருஷனைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள், போவாள். மொட்டு கட்டிய சமயத்தில் ஒருநாள் வந்தவள், மஞ்சைக் கையால் விலக்கிக்கொண்டு வந்து உரலைப்போல என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அனுசுயா பிள்ளையோட வாரா. பேத்திக்குக் காது குத்தி முடிச்சதும் எங்களையும் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறாளாம். வீட்டை வேற ஆளுக்குப் பேசியாச்சு."

"போயிட்டு வாங்க."

"வாரதுக்கு இல்ல, போறதுக்குத்தான் போறோம். கேளு முழுசா. அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்ல. அப்போ மடி யாரு மடி?"

அனுசுயாவின் பிள்ளைக்கு மாமன் இல்லையென்றால், அனுசுயாவின் மாமன்தான் அந்த இடத்தில் உட்கார வேண்டும். அது எனக்கும் தெரியும், குருவம்மாளுக்கும் தெரியும், மூன்றாவது மாடியில் இருமிக்கொண்டிருந்தவனுக்கும் தெரியும்.

"பிள்ளை போன்ல சொல்லிட்டா. 'எனக்குத்தான் யாரோ மடியில வச்சுக் குத்தினீக, என் பிள்ளைக்கு மாமா மடிதான். அப்பா போயி வெத்தலை வச்சு முறையா கூப்பிடணும். இல்லைன்னா காதே குத்த வேண்டாம்'னுட்டா. அவுக கத்துனாக, சாப்பிடாம படுத்தாக. அவ மசியல. இப்போ சரின்னுட்டாக."

"என்னன்னு?"

"வாரேன்னு. நாளை மறுநாள் காலையில நல்ல நேரத்துல தட்டோட இறங்கி வாராக." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், ஈரமா அழுகையா என்று தெரியவில்லை. "அன்னைக்கு மட்டும் இந்த மஞ்சைக் குளியலறையில போட்டு அடைச்சு வையிண்ணே. வாசல் எது சுவர் எதுன்னு தெரியல."

"மொட்டு விரியிற சமயம். அடைச்சா வெம்பிரும்."

"பூவா பெருசு இப்போ?"

"நான் இத்தனை காலம் காத்துக்கிடந்தேன், தாயி. என் வாசலைக் கொஞ்சம் தடவித் தேடிட்டு வரட்டும். நான் டார்ச் பிடிக்கணுமா அவனுக்கு?"

"ரெண்டு பேருக்கும் நடுவுல என்னைப் பெத்துப் போட்டாளே எங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தவள், வடைக் கிண்ணத்தை எடுத்துப்போக மறந்துவிட்டாள்.

அந்தக் காலை வந்தது. அனுசுயா முந்தின நாளே பிள்ளையோடு வந்து இறங்கி மூன்றாவது மாடியில் இருந்தாள். நான் குளித்து, சலவை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கதவை அகலத் திறந்துவைத்து, வாசலுக்கு உள்ளே நின்றேன். மஞ்சு அன்றைக்கு மாதிரி என்றைக்கும் திரண்டது இல்லை. என் கையை நீட்டினால் முழங்கை வரைதான் தெரிந்தது. குளியலறையில் மொட்டு விரியப்போகிறது என்பது மஞ்சுக்கும் தெரிந்திருந்ததால், படிக்கட்டு, வராண்டா, தெருக்கேட்டு வரைக்கும் வெள்ளையாக நின்று மூச்சு விடாமல் காத்திருந்தது. மேலே ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பது எனக்குத் தெரியும். யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது என்றாலும் நின்றார்கள்.

சீனிராஜ் இறங்கினான். அவன் இருமல் ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டது, எவர்சில்வர் தட்டில் பாக்கு உருளும் சத்தம் கேட்டது, கைப்பிடிக் கம்பியில் அவன் மோதிரம் உரசுவது கேட்டது. கடைசிப் படியில் நின்றான். எங்கள் கீழ்த்தளத்தில் எதிரும் புதிருமாக இரண்டே வீடுகள். இறங்கும்போது வலது பக்கம் என் வாசல், இடது பக்கம் கனகவேல் வாசல். இத்தனை காலம் ஒரே குடியிருப்பில் இருந்தும் என் வாசலுக்கு ஒருமுறைகூட வந்திராதவன், எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனவன், அது எந்தப் பக்கம் என்பதை எப்படித் தெரிந்துவைத்திருப்பான்? கால் பழகிய பக்கமாக, தான் எப்போதும் பேசுகிற சுவரின் பக்கமாக, இடது பக்கம் திரும்பினான்.

கனகவேல் பால் வாங்கத் தூக்குவாளியோடு வாசலுக்கு வந்திருந்தார்.

"மச்சான்" என்றான் சீனிராஜ். "இருக்கீகளா?"

"இருக்கேன்" என்றது ஒரு குரல்.

"மச்சான், நான் சுத்தி வளைச்சுப் பேசல. அன்னைக்கு உங்க மடியில உக்கார வேண்டிய பிள்ளையை நான் ஏஜெண்டு வேலைக்காக இன்னொரு மடியில வச்சேன். சாம்பார் வாளியைத் தூக்குங்கன்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு. அந்த வேலையும் ரெண்டு வருசம் நிக்கல. நீங்க படியில வச்சிட்டுப் போன தட்டை நான் கடைசிவரைக்கும் எடுக்கவே இல்ல மச்சான், எடுக்கக் கை வரல, பூசாரிதான் எடுத்து வச்சாரு. மனசுல வச்சுக்காதீக. பேத்திக்குக் காது குத்து. நீங்க வந்து உக்காரணும். வாங்க."

நல்ல பேச்சு. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பேச்சு. அந்தத் தட்டைப் பற்றி அவன் சொல்லுவான் என்று நான் நினைக்கவே இல்லை. அவ்வளவையும் நான் கையெட்டும் தூரத்தில் நின்று கேட்டேன். ஒரு இருமல் இருமியிருந்தால் போதும், அவன் திரும்பியிருப்பான். ஆனால் அழைக்கப்படுகிறவன் முதலில் பேசக் கூடாது. இருமலும் பேச்சில் சேர்த்திதான். நான் நின்றேன்.

யாராவது வெற்றிலைத் தட்டை நீட்டினால் எங்கள் ஆட்களுக்கு வாங்கித்தான் பழக்கம், மறுத்தால் நல்ல காரியம் தடைப்படும் என்று பயம். எதற்கு, யாருக்கு என்று கனகவேல் யோசித்து முடிப்பதற்குள் அவர் கை தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை வாங்கிவிட்டது, அவர் வாய் எல்லா வீட்டு அழைப்புக்கும் சொல்வதைச் சொல்லிவிட்டது:

"ரொம்ப சந்தோசம். குடும்பத்தோட வந்துருவோம்."

சீனிராஜ் மூக்கை உறிஞ்சினான். திரும்பிப் படியேறினான். இறங்கும்போது இருந்த இருமல் ஏறும்போது இல்லை. மேலே யாரோ ஒருத்தி குலவை போட்டாள், குருவம்மாளாக இருக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் குளியலறையில் பூ விரிந்தது. சத்தம் இல்லை, மஞ்சு ஒருமுறை நீளமாக மூச்சு விட்டதால் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கனகவேல் தட்டோடு என் வாசலுக்கு வந்து, பழக்கப்படி தன் பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்டார். "யாருய்யா அது? எந்தப் பேத்திக்குக் காது குத்து? சாம்பார் வாளியை நான் எப்போ தூக்கினேன்?"

விஷயம் மாடி மாடியாக ஏறியது. குடியிருப்பு இரண்டாகப் பிரிந்து பேசியது. சொன்ன சொல் சொன்னதுதான், தவசிலிங்கம் காதிலும் விழுந்ததுதானே என்றார்கள் சிலர். காதில் விழுந்தது கையில் விழுந்தது ஆகாது என்றார்கள் சிலர். கனகவேல் தட்டை என்னிடம் நீட்டி, "நீரே வச்சுக்கிடும், எனக்கு வெத்தலை போட்டாத் தலை சுத்தும்" என்றார். இன்னொருவர் கை வாங்கிய வெற்றிலையை நான் எப்படி வாங்குவது? "உமக்கு வச்சது, நீரே போட்டுக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

ஜெசிந்தா மேலே போய்ச் சீனிராஜிடம், "பெரியப்பா, இன்னொரு தட்டு எடுத்துட்டு இறங்குங்க, இந்தவாட்டி நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றிருக்கிறாள்.

"வாயால சொல்லியாச்சு, தட்டும் கொடுத்தாச்சு" என்று கத்தினான் அவன். மூன்றாவது மாடியில் மஞ்சு இல்லாததால் அவன் குரல் அவன் குரலாகவே கீழே வரை கேட்டது. "ஒரு காரியத்துக்கு ரெண்டு தட்டு எடுக்கிற வழக்கம் எங்க வீட்டுல இல்ல. பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு மனுசன், ஒரு செருமல் செருமுனா என்ன? வேணும்னே மஞ்சை அவுத்துவிட்டு வேடிக்கை பாத்திருக்காரு."

நான் வலது சுவரிடம் சொன்னேன், "என் வாசல் எதுன்னு தெரியாதவன் என்னை எங்க கூப்பிட்டான்?"

அனுசுயா இறங்கி வந்தாள். இடுப்பில் பிள்ளை, கொழுகொழுவென்று, காதில் ஓட்டை இல்லாமல். என் வாசலில் நின்று, உள்ளே வராமல், "மாமா, அனுசுயா வந்திருக்கேன்" என்றாள். நான் தலையசைத்தேன், அவளுக்குத் தெரிந்திருக்காது.

"நான் கூப்பிட்டா வருவீங்களா?"

"நீ என்ன தப்புப் பண்ணினே, நீ கூப்பிட?"

பிள்ளை மஞ்சைக் கைநிறையப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது.

"சரி மாமா. அப்பாவும் மாற மாட்டாங்க, நீங்களும் மாற மாட்டீங்க. நான் சொன்ன சொல்லை நானும் மாத்தல. பிள்ளை காது அப்படியே இருக்கட்டும்." பிறகு எட்டிப் பார்த்து, "பூத்திருக்கா?" என்றாள்.

நான் நகர்ந்து வழிவிட்டேன். அவள் உள்ளே போய்ப் பூவைப் பார்த்தாள், கட்டையைத் தொட்டுப் பார்த்தாள், தான் அனுப்பிய செடிதான் என்று இலையின் பின்பக்கம் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். எடுத்துப் போகட்டுமா என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் கேட்கவில்லை. போகும்போது பிள்ளையை என் பக்கமாகச் சாய்த்தாள், அதன் ஈரக் கை என் தாடையில் ஒருமுறை பட்டது.

சமைப்பதற்கு வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். கோயிலுக்குச் சொன்ன மேளத்தை நிறுத்தினார்கள். கனகவேல் மட்டும், முறையாக அழைப்பு வாங்கியவர் என்பதால், தெய்வானையோடு மாடியேறிப் போய், காது குத்தாத வீட்டில் கை நனைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் சாமான் வண்டி வந்தது. குருவம்மாள் கடைசியாக இறங்கி வந்து என் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கிண்ணத்தைக் கேட்டாள், நான் கொடுத்தேன். "நல்லா இரு" என்றாள், "ஒத்தைக்கு ஒத்தையா மஞ்சைக் கட்டிக்கிட்டு நல்லா இரு." சீனிராஜ் வண்டியில் ஏறும்போது இடது சுவர் இல்லாததால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தான்.

அந்தப் பூ இன்றுவரை உதிரவில்லை. புதுத் தண்டு வந்தது, புதுப் பூ வந்தது, அவையெல்லாம் காலத்தில் பூத்துக் காலத்தில் உதிர்கின்றன, முதல் பூ மட்டும் அப்படியே இருக்கிறது. மஞ்சும் போகவில்லை. மூன்றாவது மாடிக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் நாள் ஆச்சரியப்பட்டார்கள், இரண்டாவது நாள் உப்பு ஜாடியை மாற்றினார்கள். பெங்களூரில் பிள்ளை ஓட்டையில்லாத காதோடு பள்ளிக்கூடம் போகிறதாம். போனில் சொன்னால் ஏற்றுக்கொள்வாரா என்று சீனிராஜ் ஆள்மேல் ஆள் விட்டுக் கேட்டான். போனில் வெற்றிலை வராது என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தத் தட்டு கனகவேல் வீட்டு ஷோகேசில் இருக்கிறது. அவராலும் போட முடியவில்லை, எறியவும் முடியவில்லை. மஞ்சின் ஈரத்தில் வெற்றிலை வாடாமல், கிள்ளிவந்த அன்றைக்குப்போல நரம்பு தெரியப் பச்சையாக இருக்கிறது. என் கதவைத் திறந்துவைத்து, அவர்களும் கதவைத் திறந்துவைத்து, மஞ்சு கொஞ்சம் விலகும் மத்தியானங்களில் என் நாற்காலியிலிருந்தே அது தெரியும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சீனிராஜ் ஒருநாள் வருவான். வந்துதான் ஆக வேண்டும். படியில் இறங்கினால் என் வாசல் வலது பக்கம், ஆனால் கேட்டிலிருந்து வந்தால் இடது பக்கம். அதை நான் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை.